ஆயுள் தண்டனை பெற்ற தங்கைக்கு மேல்முறையீடு: பனியன் கம்பெனி வருகைப் பதிவும் பத்து வயதுச் சிறுவனும்

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தங்கைக்கு இரண்டு குழந்தைகள். கணவர் விட்டுப் போன பிறகு 2021-ல் வேறொருவருடன் வாழத் தொடங்கினார். 2022-ல் ஓர் இரவு, நான்கு வயதுப் பெண் குழந்தையை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது உயிர் இல்லை. "மாடிப்படியில் விழுந்துட்டா" என்று தங்கை டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது வேறு: தலைக்குள் ரத்தக்கட்டு, ஆறிக்கொண்டிருந்த விலா எலும்பு முறிவு, தொடையில் கரண்டியால் சூடு வைத்த தழும்புகள். வழக்கில் அந்த மனிதர் எதிரி-1 (குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவர்), தங்கை எதிரி-2. இருவருக்கும் ஒரே வக்கீல். அமர்வு நீதிமன்றம் அவருக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302 (கொலை), தங்கைக்கு 302 உடன் 34 (ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்தது), இருவருக்கும் இளைஞர் நீதிச் சட்டம் 75 (குழந்தையைக் கொடுமைப்படுத்துவது) என்று தீர்மானித்து ஆயுள் தண்டனை விதித்து 40 நாள் ஆகிறது. இறந்த குழந்தையின் அண்ணன் அப்போது ஏழு வயதுப் பையன். "அப்பாதான் சூடு வெச்சாரு, அம்மாவும் அடிச்சாங்க" என்று கோர்ட்டில் சொன்னான். இப்போது பத்து வயது, மாமாவான இந்த வாசகரின் வீட்டில் வளர்கிறான். "போலீஸ் மாமா சொல்லச் சொன்னாரு" என்று இப்போது சொல்கிறானாம்.

வாசகரின் கேள்விகள் பல. பழைய வக்கீல் இருவருக்கும் சேர்த்தே அப்பீல் போடலாம் என்கிறார், சரியா? பையனை உயர் நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்ல வைக்கலாமா? வெளிநாட்டில் இப்படித் தண்டனை பெற்ற அம்மாக்களை மருத்துவ அறிக்கையை வைத்து விடுவித்தார்களே, இங்கே முடியுமா? ஜாமீன் கிடைக்குமா? 14 வருஷத்தில் எப்படியும் வந்துவிடுவாளா? அப்பீல் போட்டால் தூக்காக மாறிவிடுமா? கடைசியாக ஒரு வரி: "செத்துப்போன பாப்பாவுக்குத் துரோகம் பண்ணாதீங்க என்று என் மனைவி அழுகிறாள். எனக்கு இரண்டு பக்கமும் பதில் தெரியவில்லை."

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல், கைநழுவிப் போகக்கூடியதை முதலில் சொல்கிறேன்.

நாள் கணக்கு

ஆயுள் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக, காலவரையறைச் சட்டத்தின் 115-ஆவது உறுப்பு 60 நாள் அவகாசம் தருகிறது. மரண தண்டனைக்குத்தான் 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்டிருந்தால், நகல் தயாராக ஆன நாள்களை அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி கழித்துக்கொள்ளலாம். ஆனால் சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு சொன்னவுடனேயே இலவச நகல் கொடுத்தாக வேண்டும். அந்த நகல் இந்நேரம் உங்கள் தங்கையிடம் இருக்க வேண்டும். சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் போகும்போது கேட்டு வாங்குங்கள்.

குற்றம் நடந்தது 2022-ல் என்பதால் தண்டனைப் பிரிவுகள் எல்லாம் இந்திய தண்டனைச் சட்டத்தின்படிதான். மேல்முறையீட்டை மட்டும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 415-ஆம் பிரிவின் கீழ் போடுவார்கள். பழைய சட்டத்தில் அது 374. உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை அல்ல, சென்னைதான். இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும்.

வக்கீல் ஏற்பாடு ஆகவில்லை என்றால் 60-ஆவது நாள்வரை காத்திருக்க வேண்டாம். சிறைக் கண்காணிப்பாளரிடம் தங்கையே மேல்முறையீட்டு மனுவை எழுதிக் கொடுக்கலாம், அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது (புதிய சட்டத்தில் 424). பெண்களுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு. உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்கு எழுதலாம், 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம். நாள் தாண்டிவிட்டாலும் காரணம் சொல்லித் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு அந்த மனு விசாரணையே சில மாதம் தின்றுவிடும்.

உங்கள் மனைவி கேட்டது

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு குழந்தையை மாதக்கணக்கில் அடித்திருக்கிறார்கள், சூடு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இருந்த பெரியவர்கள் இரண்டே பேர். மேல்முறையீட்டில் அதை இல்லை என்று சொல்ல உங்களாலும் முடியாது, நல்ல வக்கீல் யாரும் சொல்லவும் மாட்டார். கேட்கப்போகும் கேள்வி அதைவிடக் குறுகியது: யார் எதைச் செய்தார்கள், யார் எதைத் தடுக்கவில்லை, அதற்குச் சட்டத்தில் என்ன பெயர், அதை அரசுத் தரப்பு நிரூபித்ததா? கொலை செய்தவருக்கும் கொடுமையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் ஒரே பிரிவில் ஒரே தண்டனை என்றால், அந்தச் சமன்பாடு சரிதானா என்று மேல்நீதிமன்றம் ஒரு முறை பார்ப்பதில் பாப்பாவுக்கு எந்தத் துரோகமும் இல்லை. அவள் மரணத்தைப் பற்றிய உண்மை எவ்வளவு துல்லியமாகப் பதிவாகிறதோ அவ்வளவுக்கும் அது அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

ஒரே வக்கீல் கூடாது

விசாரணையில் நடந்த பெரிய தவறு இதுவாகத்தான் இருக்க முடியும். எதிரி-1-க்குச் சாதகமான கதை "குழந்தை படியில் விழுந்தது". எதிரி-2-க்குச் சாதகமான உண்மை "நான் வேலையில் இருந்தேன், வந்து பார்த்தபோது குழந்தை மயக்கமாக இருந்தது, என்ன நடந்தது என்று அவருக்குத்தான் தெரியும்". இரண்டையும் ஒரே வாயால் வாதிட முடியாது. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை நோக்கிக் கை நீட்ட வேண்டிய வழக்கில், ஒரே வக்கீல் இரண்டு பேரையும் காப்பதற்காக இரண்டு கதையையும் மென்று விழுங்கியிருப்பார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த பக்கங்களைப் படித்தாலே இது தெரியும்.

ஆகவே தனி வக்கீல், தனி வக்காலத்து, தனி மேல்முறையீடு. செலவு குறையும் என்பதற்காகச் சேர்த்துப் போடாதீர்கள். பழைய வக்கீலிடமிருந்து வழக்குக் காகிதங்களை வாங்கும்போது சண்டை வேண்டாம். அவர் கையிலிருக்கும் குறிப்புகளும் நகல்களும் உங்களுக்குத் தேவை.

தீர்ப்பில் எங்கே பார்ப்பது

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தங்கை பனியன் கம்பெனியில் காலை 8.30 ஷிப்டுக்குப் போய் இரவு 8 மணிக்குத்தான் வெளியே வருவார், அன்றும் போயிருந்தார், அந்த வருகைப் பதிவை யாரும் கோர்ட்டில் கேட்கவில்லை என்று. முழுக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

தீர்ப்பு எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வீட்டுக்குள் நடந்த மரணம், இருவரும் அந்த வீட்டில் வசித்தவர்கள், நடந்தது என்ன என்று அவர்கள்தான் விளக்க வேண்டும், விளக்கவில்லை. சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. நான்கு சுவருக்குள் நடக்கும் குற்றத்தில் வீட்டில் இருந்தவருக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு உண்டு என்று 2006-ல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தீர்ப்பில் மேற்கோள் காட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பொறுப்பு எழுவதற்கு முன், சம்பவ நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபித்திருக்க வேண்டும். 106-ஆம் பிரிவு அரசின் சுமையை எதிரியின் தலையில் மாற்றி வைக்காது என்று 1956-ல் சம்பு நாத் மெஹ்ரா வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. ஆகவே "அங்கே வசித்தார்" என்பதும் "அந்த நேரத்தில் அங்கே இருந்தார்" என்பதும் ஒன்றாக்கப்பட்டிருக்கிறதா என்று தீர்ப்பில் பத்தி பத்தியாகப் பாருங்கள்.

அடுத்தது 34-ஆம் பிரிவு, பொதுக் கருத்து, அதாவது ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்தது. இதில் உங்களுக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "அவள் கை வைக்கவில்லை என்றால் கொலையே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. செய்யாமல் விடுவதும் சட்டத்தில் செயல்தான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுக்குக் கீழே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: ஒருவர் இன்னொருவரைக் கொல்லும் எண்ணத்தோடு, கொஞ்சம் சோறு போடாமலும் கொஞ்சம் அடித்தும் சாகடித்தால் அது கொலை. பட்டினி போட்டதையும் அடித்ததையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. ஆனால் அந்த எடுத்துக்காட்டிலேயே "எண்ணத்தோடு" என்ற சொல் இருக்கிறது. வழக்கு முழுவதும் தொங்குவது அந்தச் சொல்லில்தான். தாயாகத் தடுக்கத் தவறினார் என்பது ஒன்று. குழந்தைக்குச் சாவு வர வேண்டும் என்றோ, சாவுக்குப் போதுமான காயம் விழ வேண்டும் என்றோ அந்த மனிதருடன் சேர்ந்து எண்ணினார் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல என்ன சாட்சியம் இருக்கிறது என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும்.

அரசுத் தரப்பு திருப்பிக் கேட்கப்போகும் கேள்வியையும் இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியபடி இரவு 8.15-க்கு வீடு வந்தவர் 11 மணிவரை ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? போன பிறகு ஏன் படியில் விழுந்ததாகச் சொன்னார்? மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்கிறோமே, அதில் அந்த வாக்கியம் பதிவாகியிருக்கும். யார் சொன்னது, எத்தனை மணிக்கு, கூட யார் நின்றார்கள் என்று அதில் பாருங்கள். எதிரி-1 பக்கத்தில் நின்றபோது சொன்னதா, தனியாகச் சொன்னதா என்பது சின்ன வித்தியாசம் அல்ல.

அந்த மனிதர் தங்கையையும் அடிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் செய்தேன் என்பது கொலைக் குற்றச்சாட்டுக்கு எதிர்வாதமாகாது. மிரட்டலுக்குப் பயந்து செய்ததை மன்னிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு கொலையை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. ஆனாலும் பயம் இருந்தது என்பது, அவருடன் ஒரே எண்ணத்தில் இருந்தார் என்ற முடிவை அசைக்கக்கூடிய சூழ்நிலை. அதற்கு அண்ணனான உங்கள் வாய்ச்சொல் போதாது. மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது, தங்கையே காயத்தோடு ஆஸ்பத்திரி போன ஏ.ஆர். காப்பி, பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசிய அழைப்பு என்று காகிதத்தில் ஏதாவது இருந்தால் மட்டும் பயன்.

இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, கரண்டி. யாருடைய வாக்குமூலத்தின் பேரில், யார் எடுத்துக் கொடுத்துக் கைப்பற்றினார்கள்? போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது, பொருளைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டுமே சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் செல்லும், அதுவும் சொன்னவருக்கு எதிராக. எதிரி-1 காட்டிக் கொடுத்த கரண்டியை எதிரி-2-க்கு எதிரான சூழ்நிலையாக எண்ணியிருந்தால் அது பிழை. இரண்டு, 313-ஆம் பிரிவு வினாக்கள், அதாவது அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும் நீதிபதி எதிரியிடமே கேட்கும் கேள்விகள். தீர்ப்பில் தங்கைக்கு எதிராகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு சூழ்நிலையும் அவரிடம் கேள்வியாகக் கேட்கப்பட்டதா? கேட்காததை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சந்தர்ப்ப சாட்சியத்துக்கு ஐந்து விதிகளை வகுத்ததும் அதே தீர்ப்புதான். எதிரிகள் இருவருக்கும் ஒரே வினாத்தாளைப் படித்துக் காட்டி "பொய்" என்று பதில் வாங்கியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, பக்கத்து வீட்டுச் சாட்சி. சத்தம் கேட்டது எத்தனை மணிக்கு என்று சொல்லியிருக்கிறார்?

வருகைப் பதிவு கோர்ட்டில் சான்றாவணமாக ஏறவில்லை என்றால், மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் கேட்டு மனுப் போட வேண்டும் (பழைய 391, புதிய 432). விட்டுப்போன ஓட்டையை அடைக்கிறீர்கள் என்று அரசுத் தரப்பு எதிர்க்கும். ஆகவே அந்த ஆவணம் சம்பவத்துக்கு முன்பிருந்தே இருந்தது, நியாயமான முடிவுக்கு அவசியம், ஏன் முன்பு வரவில்லை என்று மூன்றையும் சொல்ல வேண்டும். விரல்ரேகைப் பதிவோ அட்டையோ எதுவானாலும், கம்பெனி பழைய தரவை அழித்துவிடும் முன் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்த மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு விவரம் இருந்தாலும் சேருங்கள். ஓவர்டைம் பதிவு தனி நோட்டில் இருந்தால் அதையும் கேளுங்கள்.

டாக்டர் சாட்சியமும் வெளிநாட்டு வழக்குகளும்

நீங்கள் குறிப்பிட்டவை இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கும் ஆஸ்திரேலியாவின் கேத்லீன் ஃபோல்பிக் வழக்கும். சாலி கிளார்க் 1999-ல் தண்டிக்கப்பட்டு 2003 ஜனவரியில் விடுதலையானார். ஒரு குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு அவர் தரப்பு வக்கீல்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை. ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறப்பது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று சொன்ன புள்ளிவிவரமும் தவறானது. ஃபோல்பிக் 2003-ல் தண்டிக்கப்பட்டு 20 ஆண்டு சிறையில் இருந்தார். இரண்டு மகள்களின் இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடிய மரபணு மாற்றம் தெரிய வந்த பிறகு, 2023 ஜூனில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார், டிசம்பரில் தீர்ப்பே ரத்தானது.

இரண்டிலும் மையக் கேள்வி ஒன்றுதான்: இது கொலையா, இயற்கை மரணமா? உங்கள் வழக்கில் அந்தக் கேள்வியே இல்லை. சூட்டுத் தழும்பும் ஆறிய எலும்பு முறிவும் எந்த மரபணுவாலும் வராது. புதிய நிபுணரைக் கூப்பிட்டு "இது கொடுமை அல்ல" என்று சொல்ல வைக்க முயன்றால், நீதிபதிகளின் நம்பிக்கையை முதல் நாளிலேயே இழப்பீர்கள்.

மருத்துவத்தில் கேட்க வேண்டியது நேரம். உயிரைக் குடித்த தலைக்காயம் எத்தனை மணி நேரத்துக்கு முன் ஏற்பட்டிருக்கும் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் யாராவது கேட்டார்களா? ரத்தக்கட்டின் தன்மை, மூளை வீக்கம், வயிற்றில் இருந்த உணவு பற்றி அறிக்கையில் என்ன இருக்கிறது? திசு நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? காயத்தின் வயதை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால் கவனியுங்கள். சிவப்பு, நீலம், பழுப்பு, பச்சை, மஞ்சள் என்று நாள் வாரியாகப் பாடநூலில் அட்டவணை உண்டு. ஆனால் அது தோராயம்தான், மாநிறத் தோலில் இன்னும் தோராயம். விலா எலும்பு முறிவின் வயதுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா? முறிந்த இடத்தில் புது எலும்பு படிவது ஓரிரு வாரத்தில் தெரியத் தொடங்கும்.

தலைக்காயம் பகல் நேரத்தது என்று டாக்டர் சொல்லியிருந்து, வருகைப் பதிவும் சேர்ந்தால், கொலைக் குற்றச்சாட்டு தங்கையின் மேல் நிற்பது கஷ்டம். பழைய காயங்கள் அப்படி இல்லை. அவை தாய்க்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. குளிப்பாட்டுகிற கை அறியாத சூட்டுத் தழும்பு கிடையாது. இதை உங்கள் வக்கீலே முன்வந்து ஒப்புக்கொண்டு வாதிடுவது நல்லது என்பது என் கருத்து.

அப்படி வாதிட்டால் என்ன கிடைக்கும்? முழு விடுதலையை நம்பிப் போகாதீர்கள். 302/34 நீக்கப்பட்டு 75-ஆம் பிரிவு மட்டும் நிற்கலாம். அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுவரை, அல்லது ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் கொடுமையால் குழந்தையின் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து வந்திருந்தால் மூன்று முதல் பத்து ஆண்டுவரை கடுங்காவலும் ஐந்து லட்ச ரூபாய் அபராதமும் வரும். ஜாமீன் கிடைக்கும்வரை விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்ததாக நீங்கள் எழுதிய 16 மாதமும் கழியும். நடுவில் 304-இன் இரண்டாம் பகுதி இருக்கிறது: சாவு நேரலாம் என்று தெரிந்திருந்தது, ஆனால் எண்ணம் இல்லை. அதற்குப் பத்து ஆண்டுவரை. தண்டனை அப்படியே உறுதியாவதும் நடக்கக்கூடியதுதான். தீர்ப்பு நகலையும் சாட்சியங்களையும் பார்க்காமல் இவற்றில் எது என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஜாமீன், 14 வருஷம், தூக்கு

தண்டனைக்குப் பிறகு கேட்பது தண்டனை நிறுத்திவைப்பு (புதிய 430, பழைய 389). மேல்முறையீட்டோடு சேர்த்தே மனுப் போடலாம். ஆயுள் தண்டனையில் அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் முடிவெடுப்பார்கள். விசாரணைக் காலத்தில் ஜாமீனில் ஒழுங்காக இருந்தார் என்பது மட்டும் போதாது. தீர்ப்பை மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியக்கூடிய பிழை இருக்கிறது, விடுதலைக்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லும் அளவுகோல். "சம்பவ நேரத்தில் வீட்டில் இருந்ததற்குச் சாட்சியம் இல்லை" என்பதை அந்த மனுவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். முதல் முறை தள்ளுபடி ஆனாலும், மேல்முறையீடு விசாரணைக்கு வராமல் ஆண்டுகள் போனால் மறுபடி கேட்கலாம். வெளியே விட்டாலும் பையன் இருக்கும் வீட்டில் தங்கக் கூடாது என்று நிபந்தனை வரலாம். தங்கைக்கு வேறு இடம் யோசித்து வையுங்கள்.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு அல்ல, ஆயுள் முழுவதும்தான். கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டு முடியும் முன் தண்டனைக் குறைப்பில் விடக் கூடாது என்பதுதான் அந்தக் கணக்கு. அதன் பிறகு விடுவதும் அரசின் முடிவு, தானாக வரும் உரிமை அல்ல.

தூக்காக மாறும் என்ற பயத்தை விடுங்கள். தண்டிக்கப்பட்டவர் மட்டும் போட்ட மேல்முறையீட்டில் அவர் நிலைமையை இன்னும் மோசமாக்கக் கூடாது என்று 2025-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. கூட்ட வேண்டுமானால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். குழந்தையைப் பெற்ற தந்தைக்கும் உரிமை உண்டு. ஆனால் அது விடுதலை செய்தாலோ, குறைந்த குற்றத்துக்குத் தண்டித்தாலோ, இழப்பீடு குறைவு என்றாலோதான். உயர் நீதிமன்றம் குற்றத்தைக் குறைத்தால் அரசோ அவரோ உச்ச நீதிமன்றம் போகலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையன்

அவனைக் கூட்டிக்கொண்டு உயர் நீதிமன்றம் போகாதீர்கள். பிரமாண வாக்குமூலம் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்காதீர்கள். செல்போனில் பேச வைத்துப் பதிவு செய்து வக்கீலுக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் அதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டப்படி அது பயன் தராது. மேல்முறையீட்டில் சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பது வழக்கமல்ல, பதிவான சாட்சியத்தை வைத்துத்தான் வாதம். மூன்று வருஷம் கழித்து, தண்டனை பெற்றவரின் அண்ணன் வீட்டில் வளரும் குழந்தை மாற்றிச் சொன்னால், முதலில் சொல்லிக்கொடுத்தது போலீஸ் என்று நீதிபதிகள் நினைப்பார்களா, இப்போது சொல்லிக்கொடுப்பது மாமா என்று நினைப்பார்களா? நிறுத்திவைப்பு மனுவையே அது கெடுத்துவிடும்.

சொல்லிக்கொடுத்த சாட்சி என்ற வாதத்தைப் பழைய பதிவிலிருந்தே எழுப்பலாம். குழந்தை சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை. ஆனால் கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல முடிகிறதா என்று நீதிபதி முதலில் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக் கேள்விகள் பதிவாகியிருக்கின்றனவா? மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த 164 வாக்குமூலத்தில் "அம்மாவும்" என்ற சொல் இருந்ததா, அல்லது கோர்ட்டில்தான் முதல் முறை வந்ததா? சாட்சி சொல்ல வரும் வழியில் யாருடன் வந்தான் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்களா? இவற்றை வக்கீல் பார்த்துக்கொள்வார், பையன் தேவையில்லை. இன்னொன்றும் இருக்கிறது. "அம்மாவும் அடிச்சாங்க" என்பது உண்மையாகவே இருக்கலாம். அது உண்மையானாலும் 75-ஆம் பிரிவுக்குத்தான் நேராகப் பொருந்தும். அன்று தலையில் விழுந்த அடிக்கு அது சாட்சியம் ஆகாது. அவன் பொய் சொன்னான் என்று நிரூபிக்காமலேயே உங்கள் தங்கைக்காக வாதிட முடியும்.

அவனுக்கு உங்களிடமிருந்து வேண்டியது வேறு. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் அவனை முறைப்படி உங்கள் பராமரிப்பில் விட்டு உத்தரவு வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு அவனுக்குத் தகுதி உண்டா என்று அங்கேயே கேளுங்கள், மனநல ஆலோசகரையும் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. அம்மாவைப் பார்க்கச் சிறைக்குக் கூட்டிப்போவதை அந்த ஆலோசகர் சொன்ன பிறகு, அவனும் ஆசைப்பட்டால் மட்டும் செய்யுங்கள். முன்கூட்டியே தங்கையிடம் சொல்லி வையுங்கள்: வழக்கைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

"நான் சொன்னதாலதான் அம்மா ஜெயிலுக்குப் போனாங்களா?" என்று ஒரு நாள் அவன் உங்களிடம் கேட்பான். இன்னும் கேட்கவில்லை என்றால், "போலீஸ் மாமா சொல்லச் சொன்னாரு" என்பதே அந்தக் கேள்வியின் இன்னொரு வடிவமாக இருக்கலாம். அப்போது அவனைத் திருத்தவோ தூண்டித் துருவவோ வேண்டாம். "இல்லடா. உன்னைக் கேட்டாங்க, நீ சொன்னே. முடிவு பண்ணினது ஜட்ஜு. அம்மாவுக்கு வேண்டியதைப் பார்த்துக்க வக்கீல் இருக்காங்க, மாமா இருக்கேன்" என்று சொல்லுங்கள். அவன் இரண்டாவது முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.